துண்டுக்கு அடியில் ஒரு சாட்சி

ஆம்பூர் தோல் மண்டியில் தரகர் இருதயராஜைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, கண்ணைக் கட்டிவிட்டாலும் தோலைத் தடவியே அது எந்தச் சந்தையில் வாங்கிய ஆட்டுடையது என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, மஹபூப் பாஷாவின் பெயரை அவர் காதில் போட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. முதலாவது கொஞ்சம் மிகை. இரண்டாவதில் மிகையே கிடையாது.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகளில் இருதயராஜ் ஒருவர். அப்போது ஐந்து வயதோ ஆறு வயதோ, யார் கண்டது? பஞ்சப் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு விடுதியில் வளர்ந்தார். பெயரும் வேதமும் அங்கே கிடைத்தவை. பதினைந்து வயதில் அங்கிருந்து கிளம்பி, தோல் மண்டியில் மூட்டை தூக்கி, உப்பு உதறி, தரம் பிரித்து, முப்பது வயதில் தரகராகத் தோளில் துண்டு போட்டுக்கொண்டார்.

அந்தத் துண்டு வெறும் அலங்காரம் இல்லை. தோல் மண்டியில் பேரம் வாயால் நடக்காது. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைப் பிடித்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விழும். அதற்கடியில் விரல்கள்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அரை. உள்ளங்கையைச் சுரண்டினால் 'எவ்வளவு, சொல்லு' என்று கேள்வி. பிடித்த கையை உதறிவிட்டால் பேரம் முறிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவனுக்கும் ஒன்றும் புரியாது. புரியக்கூடாது என்பதுதானே அதன் சூட்சுமம்!

மஹபூப் பாஷாவும் தரகர்தான். இருதயராஜுக்குப் பத்து வயது மூத்தவர், பத்து மடங்கு கெட்டிக்காரர். வாலாஜாபேட்டையிலிருந்து வந்த ஒரு வண்டி வெள்ளாட்டுத் தோலை இருதயராஜ் பேசி முடித்துவிட்டு வெற்றிலை போடத் திரும்பிய நேரத்தில், பாஷா தன் துண்டைப் போட்டு அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் இருதயராஜ் அதே வேலையை அவருக்குச் செய்தார். அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும். பதினோரு வருஷம் துண்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. துண்டுக்கு அடியில் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கை கோத்தார்கள், தொழிலாயிற்றே.

பிறகு விஷக்காய்ச்சல் வருஷம் வந்தது. மஹபூப் பாஷாவின் மனைவியையும் ஒரே மகனையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. அதற்குப் பின் அவர் மண்டிக்கு வருவார், உட்காருவார், போவார். மூன்று வருஷம் கழித்து வாதம் அடித்து, வலது பக்கம் விழுந்து, வாயும் போய்விட்டது. ஊரில் பேச்சுக்குப் பெயர்போன நாக்கு அது. ஜமாத்தார் கூடி அவரை ஏழைகள் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த விடுதியைக் கட்டியவர் முனவ்வர் பேகம். தோல் பதனிடும் பெரிய ஷாப்புக்குச் சொந்தக்காரி, விதவை. காய்ச்சலில் ஆளற்றுப்போன கிழவர்களுக்காகத் தன் கணவர் பெயரால் பாலாற்றங்கரையில் கட்டினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் பதினாறு ஆண்களுக்கு இடம். பேகம் கோஷாக்காரி, வேற்று ஆண் கண்ணில் படாதவர். மாதம் ஒருமுறை திரை போட்ட ஜட்காவில் வந்து, வாசலில் வண்டி நிற்க, உள்ளே இருந்தபடியே உரக்கக் கேட்பார்: "எல்லாரும் சௌக்கியமா?" கூடத்திலிருந்து "சௌக்கியம்மா" என்று குரல் வரும். அவரும் மனம் குளிர்ந்து திரும்புவார்.

விடுதியை நடத்தியவன் சுந்தரமூர்த்தி. ஜோலார்பேட்டையில் கூட்ஸ் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நெற்றியில் பட்டை, வாயில் சர்க்கரை. விடுதிச் சுவரில் ஒரு புள்ளி அழுக்கு இருக்காது, மாதம் தவறாமல் சுண்ணாம்பு. வெளுத்ததெல்லாம் பால் என்று ஊரும் நம்பியது.

இருதயராஜ் அங்கே போனது அன்பினால் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தனக்குப் பதினோரு வருஷம் தண்ணி காட்டின ஆள் வாயடைத்துக் கிடப்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்கலாமே என்ற கெட்ட ஆசைதான் பாதி. மீதிப் பாதி என்ன என்று அவருக்கே தெரியாது.

பங்குனி வெயில், மத்தியானம். சுந்தரமூர்த்தி உடனே உள்ளே விடவில்லை. "கொஞ்சம் உக்காருங்க தரகரே, துடைச்சி விட்டுட்டு வர்றேன்" என்று போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு போனான். மஹபூப் பாஷா கழுத்து வரை கம்பளி போர்த்திக் கிடந்தார். முகம் பாதியாகியிருந்தது. இருதயராஜைக் கண்டதும் அவர் கண் அகன்றது. கம்பளிக்குள்ளிருந்து இடது கை மெல்ல ஊர்ந்து வந்து, இருதயராஜின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தது.

"அட, இன்னா பாய், இங்கேயும் பேரமா?" என்று சிரித்தபடி இருதயராஜ் துண்டை விரித்துப் போட்டு, அடியில் கையைக் கொடுத்தார்.

கிழவரின் விரல்கள் நடுங்கின. ஆனால் பிடி தெளிவாக இருந்தது. ஒரு விரல். பிறகு நடுக்கணு. கொஞ்சம் நிறுத்தி, நான்கு விரல். மறுபடியும் அதே வரிசை, ஒன்று, அரை, நாலு.

பாவம், மண்டை கலங்கிவிட்டது, நாலு தோலை ஒன்றரை ரூபாய்க்கு விற்கப் பார்க்கிறார் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுந்தரமூர்த்தியும், "இப்படித்தான் வர்றவங்க கையெல்லாம் புடிப்பாரு, குழந்தை மாதிரி" என்று சிரித்தான். இருதயராஜுக்கும் விளையாட்டுப் புத்தி. "ஒன்றரையா? கட்டாது பாய்!" என்று சொல்லி, மண்டியில் செய்வதுபோலவே கையை உதறிவிட்டு எழுந்தார்.

மஹபூப் பாஷாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பழைய நாள் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்து, இருதயராஜ் தாமும் கொஞ்சம் கலங்கியபடியே வீடு வந்தார்.

அவர் மனைவி சவுரியம்மாள் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சவுரியம்மாள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிராளிக்கு வேலை வைக்காமல் விடமாட்டாள்.

"ஏங்க, அவருக்குப் புத்தி பேதலிச்சிடுச்சின்னு சொல்றீங்க. ரெண்டு தடவையும் அதே மூணுதானே புடிச்சாரு? புத்தி கெட்டவரு ஒரே மாதிரி எப்படிங்க சொல்லுவாரு?"

இருதயராஜின் கவளம் பிடித்த கை பாதியில் நின்றது.

"அப்புறம், இந்த வெயில்ல யாருங்க கழுத்து வரைக்கும் கம்பளி போர்த்துவாங்க?"

அவ்வளவுதான். சோற்றுக் கையைப் பார்த்தார். தோல் தரம் பிரித்த விரல்கள் அவை. மனசு கவனிக்காததையும் கவனித்து வைத்துக்கொள்ளும். பாஷாவின் மணிக்கட்டில் ஒரு மேடு தட்டுப்பட்டது இப்போது நினைவுக்கு வந்தது. உயிரோடிருந்த மாட்டைக் கயிறு அறுத்திருந்தால் தோலில் ஒரு தடம் இருக்கும். ஆறிப்போன தடம் வழவழவென்றிருக்கும், புதுத்தடம் சொரசொரக்கும். பாஷாவின் கையில் சொரசொரத்தது. அதுவும் இடது கையில். அசையாத கையை யாரும் கட்ட வேண்டியதில்லையே.

"சவுரி, அவரு என்கிட்ட சரக்கு விக்கலடி" என்றார். "எதையோ சொன்னாரு. நான் கட்டாதுன்னு உதறிட்டு வந்துட்டேன்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அழுதார். எதிரிக்காக ஒரு மனுஷன் அப்படி அழுது நான் கேள்விப்பட்டதில்லை. உடனே போய் அந்தச் சுந்தரமூர்த்தியின் சட்டையைப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவரைச் சவுரியம்மாள் வாசலை மறித்து நின்று தடுத்தாள்.

"நீங்க சட்டையைப் புடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. அவரு அங்கேயே இல்ல கிடக்கணும்? மிச்சக் கோவத்தை யார் மேல காட்டுவான் அவன்? முதல்ல இன்னா நடக்குதுன்னு கேட்டுக்கிட்டு வாங்க."

மறுநாள் கொஞ்சம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு போனார் இருதயராஜ். இப்போதும் வாசலில் காக்க வைத்தான், இப்போதும் கம்பளி. சுந்தரமூர்த்தி கட்டிலோடு ஒட்டி நின்றான். வாயில்லாதவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற தைரியம் அவனுக்கு. மற்றக் கட்டில்களில் வாயுள்ளவர்கள் கிடந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து பேரம் பாதியில நின்னுடுச்சி பாய்" என்று இருதயராஜ் துண்டை விரித்தார். அடியில் கையைக் கொடுத்ததும் கிழவர் பிடிக்கவில்லை. நேற்று உதறியவன் கையல்லவா அது! இருதயராஜ் அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார். நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மெல்ல உள்ளங்கையைச் சுரண்டினார். எவ்வளவு, சொல்லு.

"சாப்பாடெல்லாம் எப்படி பாய்? எத்தினி வேளை?" என்று வாயால் கேட்டார். நோயாளியைப் பார்க்கப் போகிற எவரும் கேட்கிற கேள்விதான்.

"மூணு வேளையும் ஜமாய்க்கிறாரு" என்றான் சுந்தரமூர்த்தி.

துண்டுக்கடியில் ஒரு விரல். அப்புறம் நடுக்கணு. ஒரு வேளை, அதுவும் அரை வயிறு.

இருதயராஜின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷத் தரகர் முகம், விலை கேட்டு அதிராது. கட்டைவிரலை அந்தக் கயிற்றுத் தடத்தின் மேல் வைத்து, மறுபடி உள்ளங்கையைச் சுரண்டினார். நான்கு விரல் வந்தது. நாலு தடவையா, நாலு நாளா? அவர் குழம்பியதை உணர்ந்தவர்போல் பாஷா கண்ணைத் திருப்பினார். கண் முதலில் தன்னுடைய கட்டிலைப் பார்த்தது. பிறகு பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், மூலையில் ஒரு கட்டில். நாலு கட்டிலிலும் வெயில் காலத்தில் கம்பளி. மூலைக் கட்டிலில் கிடந்தவர் சுப்பராயன், தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தவர். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பேரம் முடிஞ்சுதா?" என்று சிரித்தான் சுந்தரமூர்த்தி.

"முடிஞ்சிது" என்றார் இருதயராஜ். "நாலு நாளைக்கு எங்க வூட்ல வச்சிப் பார்த்துக்கிறேன், கூட்டிக்கினு போவட்டுமா?"

"அம்மா சீட்டு இல்லாம ஒருத்தரையும் அனுப்ப முடியாது தரகரே. ரூல் அப்படி."

அங்கிருந்து நேரே முனவ்வர் பேகத்தின் வீட்டுக்கு நடந்தார். பேகம்தான் அவருடைய பெரிய வியாபாரம். அந்தத் தோல் ஷாப்பு கையை விரித்தால் அவருக்கு மண்டியில் வேலையே இல்லை. சொன்னது பொய்யென்று ஆனால் தன் பிழைப்பு போகும், பாஷாவின் உயிரே போகும். பூனைக்கு மணி கட்டுகிறவன் இரண்டு பக்கமும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் கால் நிற்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து பேகம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் குரலில் கோபம் இருந்தது.

"இருதயராஜ், ஒவ்வொரு மாசமும் நான் போறேன். சௌக்கியமான்னு கேக்கறேன். எல்லாரும் சௌக்கியம்னுதான் சொல்றாங்க. பேச முடியாதவர் கையைப் புடிச்சிட்டு வந்து, பேசறவங்க சொல்றது பொய்யின்னு சொல்றீங்களா?"

"அம்மா, நான் பஞ்சத்துல வளர்ந்த புள்ளை. உங்களுக்குத் தெரியும்" என்றார் இருதயராஜ். யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார். "விடுதியில எங்களுக்குக் கஞ்சி ஊத்தறவன் ஒருத்தன் இருந்தான். பாதிக் கஞ்சியை வெளியே வித்துடுவான். ஒரு நாள் மேலேர்ந்து ஒரு துரை வந்தாரு. நல்ல மனுஷன், எங்களை வரிசையா நிக்க வச்சி, வயிறார சாப்பாடு போடறாங்களான்னு கேட்டாரு. கஞ்சிக்காரன் எங்க பின்னால கரண்டியோட நின்னான். அறுபது புள்ளைங்க. போடறாங்க துரைன்னு ஒண்ணா சொன்னோம். நான்தான் எல்லாரையும் விட சத்தமா சொன்னேன்."

இருதயராஜ் திரையைப் பார்த்தே மேலே சொன்னார்.

"நீங்க நல்லவங்கதாம்மா கேக்கறீங்க. ஆனா அவன் நிக்கற எடத்துல கேக்கறீங்க. அவன் நிக்கறப்பவும் பயப்படாம பேசக்கூடிய வாய் அந்தக் கூடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருந்திச்சி, அந்தக் கைதான். பதினஞ்சு வருஷமா என் கை சொன்னதை நம்பி சரக்கு எடுத்தீங்க. ஒரு தடவையாவது நான் கெட்ட சரக்கை நல்லதுன்னு சொல்லியிருக்கேனா?"

பேகம், "ஜட்காவைப் பூட்டச் சொல்லுங்க" என்றார்.

"இப்பவேவாம்மா?"

"நாளைக்குப் போனா சுண்ணாம்பு அடிச்சி வச்சிருப்பான்."

ஜட்கா விடுதி வாசலில் நின்றபோது சுந்தரமூர்த்தி மேல்துண்டை இடுப்பில் கட்டியபடி ஓடி வந்தான். மாதத்தில் ஒரு நாள் வருகிறவர், அன்றைக்கு முறை இல்லாமல் வந்திருக்கிறார். அதைவிட, வண்டித் திரை விலகியது. முனவ்வர் பேகம் புர்காவோடு கீழே இறங்கினார். விடுதி கட்டிய நாளிலிருந்து அவர் கால் அந்தக் கூடத்தின் தரையில் பட்டதில்லை. தடுக்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை, பின்னாலேயே வந்தான்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்கம்மா, நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கிட்டு..."

பேகம் காதில் வாங்கவில்லை. மஹபூப் பாஷாவின் கட்டிலருகே ஒரு முக்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். இருதயராஜ் துண்டோடு முன்னால் வரவே, கையமர்த்தினார்.

"நீங்க கேட்டா நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு ஆவும். தள்ளி நில்லுங்க. துண்டை மட்டும் குடுங்க."

இருதயராஜுக்கு ஒன்றும் ஓடவில்லை. கோஷாப் பெண்மணிக்கு மண்டி பாஷை எப்படித் தெரியும்? பேகத்தின் தகப்பனாரும் தோல் வியாபாரிதான். சின்ன வயதில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, விரல் பிடித்து விலை சொல்லி விளையாடியிருக்கிறார். இது அங்கே யாருக்கும் தெரியாது.

பேகம் புர்காவின் நுனியில் கையைச் சுற்றிக்கொண்டு, துணி மேல் துணியாகத் துண்டுக்கடியில் நீட்டினார். "மஹபூப் பாஷா, நீங்க எங்க அத்தா வயசு. பயப்படாதீங்க. இங்க ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு?"

"மூணு வேளை..." என்று ஆரம்பித்தான் சுந்தரமூர்த்தி.

"உங்களைக் கேக்கலை."

துண்டு லேசாக அசைந்தது. பேகத்தின் முகம் திரைக்குள் இருந்தது, தெரியவில்லை. ஆனால் அவர் தோள் ஒரு முறை குலுங்கியது. அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. எழுந்து நின்று, தன் கையாலேயே பாஷாவின் கம்பளியை இழுத்தார்.

கட்டில் சட்டத்தில் கயிறு தொங்கியது. அவசரத்தில் அவிழ்த்து உள்ளே திணித்த கயிறு. இடுப்பில் புண், முதுகில் புண். பக்கத்துக் கட்டிலிலும் கயிறு, எதிரிலும் கயிறு. சுப்பராயனின் கட்டிலில் கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமலே இருந்தது.

"விழுந்துடுவாங்கன்னுதாம்மா கட்டினேன்" என்றான் சுந்தரமூர்த்தி. "சொன்னா கேக்கமாட்டாங்க, எழுந்திருக்கப் பார்க்கறாங்க. நானும் ஒண்டி ஆளு."

அவன் ஒண்டி ஆள் என்பது பொய் இல்லை. ஆனால் ஆள் வேண்டும் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆள் வந்திருக்கும், வந்த ஆள் அரிசிப் பானையை எட்டிப் பார்த்திருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவன் சோற்றையே மறைத்தான்.

பேகம் அவனோடு வாதாடவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாக நடந்தார். ஒவ்வொருவர் கை மேலும் துண்டைப் போட்டு, அதே ஒரு கேள்வியைக் கேட்டார், எத்தனை வேளை? எல்லாரும் மண்டியிலும் தோல் ஷாப்பிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். விரல் பாஷை தெரியாதவர்கள் இல்லை. நின்று பார்த்த சுந்தரமூர்த்திக்கு யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. கட்டிலுக்குக் கட்டில் துண்டு விழுவதும் எழுவதும்தான் தெரிந்தது. ஏழாவது கட்டிலில் அவன் சுவரோடு சாய்ந்தான். பதினாறாவது கட்டில் முடிந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பதினாறு பேர். பதினாறும் ஒரே விரல்" என்றார் பேகம். பிறகு, "நான் வாசல்லேயே நின்னுட்டேனே" என்றார். அது யாருக்கும் சொன்னது இல்லை.

அன்று சாயங்காலமே சுந்தரமூர்த்தி ரயிலேறினான். போலீசுக்குச் சொல்லலாமா என்று பேச்சு வந்தது, பேச்சோடு நின்றது. அவன் திரும்ப எந்த விடுதிப் படியும் ஏறாமல் இருக்கட்டும் என்று பேகம் ஜில்லாவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் காகிதம் எழுதினார். என்னைக் கேட்டால் அது போதாது என்பேன், ஆனால் என்னை யார் கேட்டார்கள்? வேலூரிலிருந்து டாக்டர் வந்து புண்களுக்கு மருந்து கட்டினார். இரண்டு ஆட்கள் கூடச் சேர்ந்தார்கள், ஒருவருக்கு வேலையே நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது. விடுதியை நடத்தும் புது சூப்பிரண்டாக அருணகிரி என்ற பழைய கம்பவுண்டர் வந்தார்.

இருதயராஜ் மாட்டுவண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு வந்து பாஷாவின் அருகில் உட்கார்ந்தார். "பாய், எங்க வூட்டுக்கு வந்துடுங்க. சவுரி கஞ்சி வச்சிட்டு காத்துக்கினு இருக்கா" என்றார். பாஷா துண்டை இழுத்தார். நான்கு விரல்.

"நாலு பேரையுமா? எங்க வூட்ல நாலு பேருக்குப் படுக்க எடம் ஏது பாய்?"

பாஷாவின் வாயில் பாதி மட்டும் சிரித்தது, மறுபாதிக்குச் சிரிக்க வராது. அப்போதுதான் இருதயராஜுக்கு விளங்கியது. அவர் எங்கும் போகப்போவதில்லை. மற்றவர்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனையா வெறுத்தோம் என்று இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது. வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பாஷாவுக்குக் கஞ்சி ஊட்டினார். பிறகு தினமும் மண்டிக்குப் போகிற வழியில் வந்தார்.

பேகம் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். வெள்ளிக்கிழமை தோறும் அவரே வருவார். வாசலில் நின்று சௌக்கியம் கேட்கிற பழக்கம் ஒழிந்தது. உள்ளே வந்து முதலில் மஹபூப் பாஷாவிடமும், பிறகு மற்றவர்களிடமும், துண்டுக்கடியில் கேட்பார். எத்தனை வேளை, எத்தனை தடவை புரட்டிப் போட்டார்கள், எத்தனை பேருக்குப் போர்வை இல்லை. ஆணும் பெண்ணும் இப்படியா என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். இடையில் இரண்டு துணி இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் ஒரு திரையும் இல்லை என்று சொல்லியனுப்பினார் பேகம். அதோடு முணுமுணுப்பு அடங்கியது.

அருணகிரி நாணயமானவர். நாணயமானவர்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டார்: "நான் எதுனா தப்புப் பண்ணேனாம்மா? என் முதுகுக்குப் பின்னால எதுக்கு இந்த துண்டு?"

"நீங்க தப்பு பண்ணலை, அருணகிரி. உங்களைக் கேட்டா அது உங்க பதில். எனக்கு அவங்க பதில் வேணும்" என்றார் பேகம்.

அருணகிரி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், குளிக்கிற வென்னீர் சரியாக இருக்கிறதா என்று அவரே பாஷாவிடம் துண்டைப் போட்டுக் கேட்டதை இருதயராஜ் பார்த்தார்.

மஹபூப் பாஷா அதன்பின் ஐந்து வருஷம் இருந்தார். புண் ஆறியது, கன்னத்தில் சதை வந்தது. ஒரு கார்த்திகை மாதம், மழை பெய்துகொண்டிருந்த காலையில், இருதயராஜ் பக்கத்தில் இருக்கையிலேயே அவர் மூச்சு அடங்கியது. ஜனாசாவில் இருதயராஜும் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பேகம் வந்தார். வெறும் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். இனி முதலில் யாரைக் கேட்பது? கூடமே அவரைப் பார்த்தது. இருதயராஜ் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். பேகம் மூலைக் கட்டிலுக்குப் போய், சுப்பராயனின் முன்னால் துண்டை விரித்தார். அருணகிரி வழக்கம்போல நாலடி தள்ளி, ஆனால் காது கேட்கிற தூரத்தில் நின்றார்.

சுப்பராயன் துண்டைப் பார்த்தார். அருணகிரியைப் பார்த்தார். பட்டை இடித்து இடித்துக் காய்த்துப்போன கையால் துண்டை மடித்து இருதயராஜிடமே கொடுத்துவிட்டார்.

"துண்டெல்லாம் வேணாம்மா, வாயாலேயே சொல்றேன்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கிறாற்போல. "மூணு வேளையும் வருது. வயிறார வருது. ஆனா இந்த அருணகிரி ஐயா ஆளு வைக்கிற கஞ்சி இருக்குதே, வாயில வைக்க முடியல. உப்புங்கறதே கிடையாது. தோலுக்குப் போடற உப்பில ஒரு பிடியாவது அதுல போடச் சொல்லுங்க!"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர், எதிர்க் கட்டிலிலிருந்து, "வென்னீரும் ஆறிப்போய்த்தான் வருது!" என்று குரல் கொடுத்தார். மூன்றாவது ஆள் ஜன்னல் கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்றார். அதற்குள் நாலைந்து குரல் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

இருதயராஜ் சுவர்ப்பக்கம் திரும்பி, கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருணகிரி, "சரிப்பா, சரிப்பா, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே, உப்பைப் பார்ப்பதற்குச் சமையலறைப் பக்கம் போனார்.